விற்றது உழைப்பையா, உடலையா?

கூலி என்றால் என்ன என்று கேட்டால், உழைப்புக்குக் கொடுக்கும் விலை என்று சிறுவனும் விடை கூறுவான். அவ்வுழைப்பை விற்ற பின்னர் விற்றவனிடம் எஞ்சி நிற்பது யாது என்று அடுத்தபடியாகக் கேட்டுப் பாருங்கள்; கற்றவரும் சற்றே தயங்குவர். துணியை விற்றவனிடம் துணி இராது, பணம் இருக்கும். உழைப்பை விற்றவனிடமோ பணமும் இருக்கவேண்டும், உழைத்த உடலும் இருக்கவேண்டும். காலையில் சென்ற ஆளே மாலையில் கூலியோடு வீடு திரும்பவேண்டும் என்பதுதான் அந்த வாணிபத்தின் அடிப்படை. அப்படித் திரும்பாதவன் விற்றது எதை? வாங்கியவர் விலை கொடுத்தது எதற்கு? இவ்வினாவை லாரி ஓட்டுநரை முன்னிறுத்தி ஆராய விழைகின்றோம்.

ஓட்டுநரை ஏன் தேர்ந்துகொண்டோம் என்று சிலர் வினவக்கூடும். உட்கார்ந்தபடி செய்யும் வேலைதானே, வண்டியை இழுப்பது எஞ்சின்தானே என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. நடவு நடுகின்றவளின் முதுகு வளைவது கண்ணுக்குத் தெரிகிறது. மூட்டை சுமப்பவரின் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரிகிறது. ஓட்டுநரின் தேய்வு அவருடைய மனைவிக்குத் தெரியும், பின்னர் மருத்துவருக்குத் தெரியும். சரக்குக்கு உரியவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஆகவேதான் அவரைத் தேர்ந்துகொண்டோம்.

குடவாசல், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் நஞ்சை சூழ அமைந்த ஊர். தை பிறந்து சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு வந்துவிட்டால் இச்சாலையின் முகமே மாறிவிடும். சேலம், ஆத்தூர்ப் பக்கங்களிலிருந்து வாடகைக்கு வரும் பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரங்கள், பக்கப் பலகையற்ற திறந்த லாரிகளின் முதுகிலேறி வந்து இறங்கும். அறுத்த நெல், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளாகக் கட்டப்பெற்று லாரி ஏறும். அதன்பின் வைக்கோல். தளத்துக்கு மேல் ஓராள் உயரம், ஈராள் உயரம் என்று அடுக்கிய கட்டுகளைச் சுமந்து, சாலையோரத்துப் புளியங்கிளைகளை உரசியபடி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரிகள் புறப்படும். ஒரு காலத்தில் நெல் வண்டியின் கடகடப்பைக் கேட்டே விடியல் தொழுகைக்கு எழுந்த முதியோர் நம்மூர்களில் இருந்தனர். இன்று அவ்வொலி இல்லை. மாடுகள் இளைப்பாறிவிட்டன. சுமை இளைப்பாறவில்லை.

திறந்த லாரியில் சரக்கு ஏற்றுவது சுமைதூக்குவோர் பணி என்றாலும், ஏற்றிய பின்னர் அதனைக் கட்டுவது பெரும்பாலும் ஓட்டுநரும் கிளீனருமே. கிளீனர் இல்லாமல் ஒற்றையாளாகச் செல்வோரும் இன்று பலர். தார்ப்பாயைச் சுருளாகத் தோளிலேற்றிக்கொண்டு மூட்டைகளின் உச்சிக்கு ஏறவேண்டும். காய்ந்த தார்ப்பாயே கனமுடையது; மழையில் நனைந்ததன் கனத்தைத் தூக்கியவர்தாம் அறிவர். மேலிருந்து அதனை விரித்துக் கீழே இறங்கி, லாரியின் உடற்பலகைமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பின் முழுவலுவையும் கொடுத்துக் கயிற்றை இழுக்கவேண்டும். ஒரு முடிச்சு இளகினாலும் முதல் வளைவிலேயே சரக்கு சாயும். அறுவடை இயந்திரமாயின் கயிறு போதாது, சங்கிலிதான். குடலிறக்கத்திற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓட்டுநர் ஒருவரிடம், இது எப்போது வந்தது என்று கேட்டோம். "கயிறு இழுக்கையிலே வந்துச்சுங்க அசரத்து, ஸ்டியரிங் பிடிக்கையிலே வரலே" என்றார். ஓட்டுவதற்குப் பேசிய கூலியில் கட்டுவதும் அடங்கிவிட்டது என்பதை அவர் ஒரு குறையாகவும் கூறவில்லை.

பின்னர்ப் பயணம். பழைய லாரிகளில் எஞ்சின் மூடி, ஓட்டுநரின் இடக்காலுக்கு அருகே கேபினுக்குள்ளேயே எழும்பி நிற்கும். சித்திரை வெயில் மேலே, எஞ்சின் சூடு பக்கத்தில். ஒரு நாளில் கிளட்சை எத்தனை முறை மிதிக்கின்றார் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை; இடமுழங்காலுக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியும். வலக்கையோ சன்னலோரம் இருப்பதால் இடக்கையைவிடக் கருத்துவிடும். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று, 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய முதியவர் ஒருவரின் முகப்படத்தை வெளியிட்டது. முகத்தின் ஒருபாதி வயதுக்கேற்ப இருந்தது. மறுபாதி தொங்கிச் சுருங்கி இருபதாண்டு மூத்ததுபோல் காட்சியளித்தது. அந்நாட்டில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால் அவருக்கு இடக்கன்னம். நம்மவர்க்கு வலக்கன்னம். சன்னல் வழியே வந்த வெயில் செய்த வேலை அது.

சிறுநீரை அடக்குவதும் இத்தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. வண்டியை நிறுத்த இடமில்லாத ஆற்றங்கரைச் சாலைகள். நிறுத்தினால் நேரம் போகும். ஆகவே பலர் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். அதற்கு விலையாகக் கல்லடைப்பு வருகிறது. வேளை தவறிய பரோட்டாவும் தேநீரும், அசைவின்றி அமர்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும், சர்க்கரை நோய்க்கும் மூலத்துக்கும் வாசல் திறந்து வைக்கின்றன.

எல்லாவற்றினும் கொடியது ஆட்டம். நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகந்தண்டு, விநாடிக்கு 4 முதல் 6 தடவை வரை நிகழும் அதிர்வுக்குத் தன்னை மிகுதியாக ஆட்கொடுக்கும் இயல்புடையது. கனரக வண்டியின் இருக்கை மேலுங்கீழும் ஆடுவதும் ஏறத்தாழ இதே கதியில்தான். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவதுபோல, சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பை அதன் போக்கறிந்து தள்ளுகிறது. களிமண் தரையின்மேல் இட்ட நம் டெல்டாச் சாலைகள் ஒரு மழைக்குப்பின் எவ்வாறு இருக்கும் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. ஐரோப்பிய நாடுகள் 2002இல் இதற்கெனத் தனி ஆணை பிறப்பித்து, 8 மணி நேர வேலையில் ஓர் உழைப்பாளியின் உடல் தாங்கக்கூடிய அதிர்வுக்கு உச்சவரம்பே வகுத்துவிட்டன. ஆகவே ஆட்டத்தினால் உடல் கெடுகிறது என்பது ஓட்டுநரின் புலம்பல் அன்று, அளந்தறிந்த உண்மை.

உறக்கத்தைப் பற்றியும் அவ்வாறே அளந்திருக்கின்றனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 0.03 விழுக்காட்டைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. எண்ணிப் பாருங்கள். வாழ்நாளில் மதுவை மோந்தும் பாராத நம் பிள்ளை, நெல் லோடு விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்னும் ஒரே காரணத்தால், குடித்தவன் நிலையில் நள்ளிரவுச் சாலையில் வண்டி செலுத்துகின்றான். ஹராமென்று நாம் அஞ்சி விலக்கும் ஒன்றின் விளைவை, ஹலாலான கூலிக்காக அவன் உடலில் நாமே உண்டாக்குகின்றோம். தொழுகையில் நிற்பவருக்கே உறக்கம் மேலிட்டால், அது தெளியும்வரை படுத்துறங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்திருக்கின்றார்கள். இறைவணக்கமே உறக்கத்திற்காகக் காத்திருக்கலாம் எனில், நெல் மூட்டை காத்திருக்கக் கூடாதா?

2020இல் சேவ்லைஃப் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய லாரி ஓட்டுநர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் வண்டி ஓட்டுகின்றார். களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாக ஏறத்தாழச் சரிபாதிப்பேர் ஒப்புக்கொண்டனர்.

இனி நம் வினாவுக்கு வருவோம். வாடகைக்கும் கூலிக்கும் நம் ஃபிக்ஹு நூல்கள் ஒரே பெயரைத்தான் சூட்டியுள்ளன: இஜாரா. அதன் இலக்கணம் நுட்பமானது. ஒரு பொருளின் ஐன், அதாவது அதன் உருவும் உடலும், உரியவரிடமே தங்கிவிட, அதன் மன்ஃபஅத் என்னும் பயனை மட்டும் விலைக்குக் கொடுப்பதே இஜாரா. வீட்டை வாடகைக்கு விடலாம். குடியிருந்தபின் வீடு இருக்கும். வண்டியை விடலாம், ஓட்டியபின் வண்டி இருக்கும். மெழுகுவத்தியை எரிப்பதற்கென்று வாடகைக்கு விட முடியுமா என்று சட்ட அறிஞர்கள் கேட்டுக்கொண்டனர். முடியாது என்று விடை கூறினர். எரிந்தபின் மெழுகுவத்தி இராதே! பயன் கொள்ளும்போதே உடல் அழியும் பொருளை வாடகைக்கு விடுவது, வாடகை என்னும் பெயரில் நடக்கும் விற்பனை என்பது அவர்கள் கண்ட நுட்பம். வாசிப்பவர் இதனைச் சொற்சிலம்பம் என்று தள்ளிவிட வேண்டா. விற்கத் தகாத ஒன்று உலகில் இருப்பதனால்தான் இந்தப் பாகுபாடு தேவைப்படுகிறது. அது சுதந்திர மனிதனின் உடல். அதற்கு விலை இல்லை. அவனே விரும்பினாலும் அதனை விற்க அவனுக்கு அதிகாரம் இல்லை. அவனிடம் அது அமானத்தாக இருக்கிறது.

அங்ஙனமாயின் ஓட்டுநரின் இடுப்பு, வீடா மெழுகுவத்தியா?

உடனே ஒரு மறுப்பு எழும். தேயாத உழைப்பு உலகில் உண்டா? தறியில் அமர்பவரின் கண் மங்குகிறது. உழுபவரின் கால் வெடிக்கிறது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நம் தொண்டையும் பழையபடி இல்லை. தேய்வையெல்லாம் குற்றமென்றால் எவரும் எவருக்கும் வேலை கொடுக்க இயலாதே! இம்மறுப்பு வலுவானது. இதற்கு விடைதேட நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா, நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பெறுவது. அதில் இஜாராப் பகுதியை விரித்தால் லாரிச் சாலையில் நிற்பதுபோலவே தோன்றும்.

கோதுமை ஏற்றுவதற்காக ஒருவர் விலங்கொன்றை வாடகைக்குப் பேசுகின்றார், அளவையும் குறிக்கின்றார். பின்னர்ப் பேசியதற்கு மேல் ஏற்றுகின்றார், விலங்கு மாண்டுவிடுகிறது. எவ்வளவு கூடுதலாக ஏற்றினாரோ அந்த விகிதத்திற்கு அவர் ஈடு செய்யவேண்டும் என்பது சட்டம். அத்தகைய விலங்கு தாங்கவே முடியாத பாரமாக இருந்தால் முழு விலையும் அவர் பொறுப்பு. இன்னொன்று: ஹீரா என்னும் ஊர்வரை செல்ல வாடகை பேசியவர், அதற்கப்பால் காதிஸிய்யாவரை விலங்கைச் செலுத்திவிட்டு, மீண்டும் ஹீராவுக்கே கொண்டுவந்துவிடுகின்றார். அங்கே அது சாகிறது. திரும்பக் கொண்டுவந்துவிட்டேனே என்னும் வாதம் எடுபடாது, அவர் பொறுப்பாளிதான். கும்பகோணத்துக்கென்று பேசி அழைத்து, 'அப்படியே தஞ்சாவூரில் ஒரு இறக்கத்தையும் முடித்துக்கொண்டு வந்துவிடு' என்று கைப்பேசியில் உத்தரவிடும் நம் காலத்து முதலாளிகளை இமாமவர்கள் கண்டதில்லை. கண்டிருந்தாலும் வேறு சட்டம் எழுதியிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது இன்னும் சுவையானது. கடிவாளத்தைச் சுண்டி இழுத்ததாலோ, அடித்ததாலோ வாடகை விலங்கு இறந்துபட்டால்? எல்லாரும் வழக்கமாகச் செய்கின்ற அளவோடு செய்திருந்தால் பொறுப்பில்லை என்று இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) கருதினர். அவர்களின் ஆசானாகிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதனையும் ஏற்கவில்லை. வழக்கமானாலும் பொறுப்பே என்றார்கள். "லாரித் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகின்றனர்" என்று நாம் கூறும்போது, ஆசானும் மாணாக்கரும் கருத்து வேறுபட்ட அந்த இடத்தில்தான் நாமும் நிற்கின்றோம் என்பதை நினைவிற்கொள்வது நலம்.

ஆக, இயல்பான தேய்வுக்குப் பொறுப்பில்லை. வரம்பு கடந்ததற்குப் பொறுப்பு உண்டு. வரம்பு என்பது அத்தகைய உடல் தாங்கும் அளவு. அவ்வளவை அறியாத காலத்தில் அறியாமையைச் சாக்காகக் கூறியிருக்கலாம். முதுகந்தண்டின் அதிர்வையும் விழிப்பின் மணிநேரத்தையும் எண்ணால் அளந்துவிட்ட இந்நாளில் அச்சாக்கு செல்லாது. மனிதனை விலங்கோடு நிகர்ப்படுத்தி நாம் ஃபத்வா வழங்குவதாக எவரும் கொள்ளவேண்டா. விலங்கின் உயிருக்கே இத்துணைக் கணக்குப் பார்த்த மார்க்கம், அதனை ஓட்டுபவனின் உயிர்க்குக் கணக்கின்றி விட்டிருக்குமா என்பதே நம் கேள்வி.

நாட்டுச் சட்டத்திலும் இதே விந்தையைக் காண்கின்றோம். 1965இல் இந்திய அரசு, வண்டி இழுக்கும் மாடுகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் இழைக்கப்பெறும் கொடுமையைத் தடுக்க விதிகள் வகுத்தது. நாளொன்றில் 9 மணி நேரத்திற்கு மேல் அவற்றை வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை கூடவே கூடாது. அதற்கு நான்காண்டு முன்னர், 1961இல், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கும் ஒரு சட்டம் வந்ததுண்டு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, 5 மணி வேலைக்குப்பின் அரைமணி ஓய்வு என்று அதுவும் நன்றாகத்தான் வகுத்தது. ஆனால் ஐவருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்றது. ஒரு லாரி, ஓர் ஓட்டுநர் என்றிருந்தவர்களை அது எட்டவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துள் இப்போது அது அடங்கிவிட்டது. வெப்பத்தைப் பற்றி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டுக்குச் சொன்னதுபோல் பாகைக் கணக்கு ஏதும் இல்லை. அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் குடவாசல் கடைத்தெருவில் ஒரு மாட்டு வண்டியும் ஒரு லாரியும் அருகருகே நின்றால், சட்டப்படி நிழலுக்குச் செல்லும் உரிமை எதற்கு உண்டு என்பதை வாசிப்பவரே கூறிக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்பெறும் கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்னும் விதி வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நம் சாலைகளில் ஓடுகின்ற பழைய லாரிகள் இன்னும் பல்லாண்டு ஓடும்.

வண்டியின் உடலுக்கு மட்டும் யாவரும் வரம்பு பார்க்கின்றனர். 2018இல் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியபோது, டாரஸ் என வழங்கும் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. அதற்கும் மேல் ஏற்றினால் 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. சாலை கெடும், பாலம் கெடும், டயர் வெடிக்கும் என்பதற்காக அத்தண்டம். நியாயமே. மூன்றரை டன் கூடியதனால் பிரேக்கை மிதிக்கும் காலுக்கும், கயிறு இழுக்கும் இடுப்புக்கும் என்ன கூடியது என்பதை எந்த எடைமேடை காட்டும்?

"அவர்தாமே ஒப்புக்கொண்டு வந்தார், நாம் வற்புறுத்தவில்லையே" என்பது அடுத்த வாதம். ஒப்புதல் இஜாராவுக்கு உயிர் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எதற்கு ஒப்புக்கொண்டார்? பேசப்படும் பயன் இன்னது, இவ்வளவு என்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாமை, ஜஹாலத், ஒப்பந்தத்தையே கெடுத்துவிடும் என்பது மதரஸாவின் இளைய மாணவரும் அறிந்த விதி. லாரி ஏறும் ஓட்டுநருக்கு எது தெரிந்திருக்கிறது? கிடங்கு வாசலில் எத்தனை நாள் நிற்கவேண்டும் என்று தெரியாது. மழை வந்தாலோ, கிடங்கில் இடமில்லையென்றாலோ, இறக்க ஆள் இல்லையென்றாலோ லாரிகள் வரிசையில் நாட்கணக்கில் நிற்பதை நம் பகுதியார் ஆண்டுதோறும் காண்கின்றனர். அந்நாட்களில் ஓட்டுநர் லாரிக்கு அடியில் படுக்கையை விரித்துக்கொண்டு சரக்குக்குக் காவல் இருக்கின்றார். கொசுக்கடியும் அவருடையதே. ஓட்டவில்லையாதலால் அதற்குக் கூலியும் பெரும்பாலும் இல்லை, ஓட்டினால்தான் படி.

இங்கும் ஹிதாயா ஒரு பாகுபாட்டைக் காட்டுகிறது. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்பவர் வேலையை முடித்தால்தான் கூலிக்கு உரியவர். ஒருவருக்கென்று காலத்தை ஒப்படைத்துவிட்டவர், அஜீர் காஸ் எனப்படுபவர், அக்காலத்தில் தம்மை ஒப்படைத்திருந்தாலே கூலிக்கு உரியவராகின்றார். வேலை நடவாவிட்டாலும் சரியே. மூன்று நாள் கிடங்கு வாசலை விட்டு அகல முடியாதபடி தம்மை ஒப்படைத்துவிட்ட ஓட்டுநரை நாம் எந்த வகையில் சேர்த்திருக்கின்றோம்? தையற்காரர் வகையில் சேர்த்துக் கூலி கொடுக்கின்றோம். அஜீர் காஸ் வகையில் சேர்த்து வேலை வாங்குகின்றோம்.

லாரி உரிமையாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் முறையாகாது. ஒற்றை லாரி வைத்திருப்பவர் பலரும் நேற்று ஓட்டுநராக இருந்தவரே. மாதத் தவணை, காப்பீடு, டயர், டீசல், சுங்கச்சாவடி என்று அவரை நெருக்குவோர் வேறு. லோடு கிடைக்காத நாட்களில் அவரும் பட்டினியே. அவருக்கு வாடகை கொடுப்பவர் குறைத்துப் பேசுகின்றார். அவருக்கு மேலுள்ளவர் இன்னும் குறைக்கின்றார். இப்படியே மேலேறிச் சென்றால் சங்கிலியின் முடிவில் இருப்பவர் யார்? சோறு உண்பவர். 2011 முதல் தமிழகத்தில் குடும்ப அட்டைதாரருக்கு விலையின்றி வழங்கப்பெறும் அரிசியும் ஏதோ ஓர் ஓட்டுநரின் இடுப்பின்மேல் ஏறித்தான் நியாயவிலைக் கடைக்கு வந்தது. கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் நாம் இறக்கும் சீரகச் சம்பாவும் அவ்வாறே. தாங்கவியலாத சுமையைப் பணியாளர்மேல் ஏற்றாதீர், ஏற்றினால் நீங்களும் உடனிருந்து உதவுங்கள் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கின்றோம். அதன் முற்பகுதி நம் நினைவில் தங்கியிருக்கிறது. பிற்பகுதிதான் லாரிக்குப் பொருந்துவது. சுமையை அடியோடு நீக்கிவிட நம்மால் ஆகாது. நெல் போய்ச் சேரத்தான் வேண்டும். உடனிருந்து உதவுவது நம்மால் ஆகும்.

அரபு நாடுகளில் டிரெய்லர் ஓட்டப்போன நம் பிள்ளைகளின் நிலையையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அங்கு போனவன் அச்சட்டத்தின் நிழலை அனுபவிக்கின்றான். அவன் அனுப்பும் பணத்தில் இங்கே லாரி வாங்கும் தந்தை, அதே நண்பகலில் வேறொருவர் பிள்ளையைத் தார்ப்பாய் கட்ட மேலே ஏற்றுகின்றார். இதில் தீய எண்ணம் ஏதுமில்லை. எண்ணமே இல்லை என்பதுதான் துன்பம்.

நம் பள்ளிவாசல்களில் நாற்காலியிட்டுத் தொழுவோரின் வரிசை நீண்டுகொண்டே வருகிறது. முதியோருக்கும் நோயாளருக்கும் மார்க்கம் தந்த சலுகை அது. குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வரிசையில் ஐம்பதைத் தொடாதவர்களும் அமர்ந்திருக்கின்றனர். விசாரித்தால் சிலர் ஓட்டுநராய் இருந்தவர். அவர்களின் நெற்றி தரையைத் தொட்டு ஆண்டுகள் பலவாயின. ஸஜ்தாவுக்குக் குனியும் இடுப்பை இருபத்தைந்து ஆண்டுச் சாலைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றனர். அதற்குரிய விலையை எந்தப் படியிலும் எவரும் சேர்த்துக் கொடுத்ததில்லை. ரமளான் வந்ததும் அவர்களின் பெயர் ஸகாத் பட்டியலில் ஏறுகிறது. கொடுப்பவரின் கை மேலே இருக்கிறது, வாங்குபவரின் தலை தாழ்கிறது. இங்கேதான் நமக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவருக்குத் தாம் பட்டிருக்கும் கடனை ஸகாத் கணக்கில் எழுதிக்கொள்ள இயலாது. எழுதினால் கடன் ஒருவாறு தீரும், ஸகாத் தீராது. பேசிய பயனுக்கு மேல் அவருடைய உடலையே எடுத்துக்கொண்டிருந்தோமானால், அவருக்கு நாம் கொடுப்பது தர்மமா, காலங்கடந்து தீர்க்கும் கடனா?

உடலே கரைந்து போகும் வேலை என்று நம் நூல்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. அது செவிலித்தாயின் பணி. குழந்தையைப் பேணுவதற்குத்தான் கூலியா, அன்றிப் பாலுக்கா என்று அறிஞர்கள் நெடிது வாதிட்டனர். பால் என்பது உடலிலிருந்து வற்றும் ஐன் அல்லவா? அங்கே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பொது விதியைத் தளர்த்தி, உணவையும் உடையையுமே கூலியாகப் பேசவும் இசைந்தார்கள். அளவு தெரியாத கூலி வழக்கைத்தானே வளர்க்கும் என்னும் அச்சத்துக்கு அங்கு இடமில்லை. தம் குழந்தையின்மேல் உள்ள அன்பினால் செவிலித்தாய்க்கு மக்கள் கைந்நிறையக் கொடுப்பதே வழக்கம் என்பது அதற்குக் காட்டப்பெற்ற காரணம். குழந்தைக்குப் பால் ஊட்டுபவளின் உடல் நன்றாக இருக்கவேண்டும் என்று பெற்றோர் கவலைப்பட்டனர். ஊருக்குச் சோறு கொண்டுவருபவரின் உடலைப் பற்றி அப்படி ஒரு கவலை நமக்கு ஏற்படாததன் காரணம், அவர் நம் வாசலில் நிற்பதில்லை என்பது மட்டுமே.

தை அறுவடைக்கு முன்னரே லாரி வாடகை பேசுவது நம் பகுதி வழக்கம். எத்தனை மூட்டை, எவ்வளவு தூரம், முன்பணம் எவ்வளவு என்பன பேசப்படும். நெல் வியாபாரமும் அரிசி ஆலையும் லாரியும் வைத்திருக்கும் நம் குடும்பத்தார் அப்பேச்சிலேயே இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பேசிவிடலாம். கிடங்கு வாசலில் நிற்கும் நாளுக்குக் கூலி என்ன? தார்ப்பாயும் கயிறும் கட்ட உடன் ஆள் உண்டா, அவருக்குக் கொடுப்பது யார்? நள்ளிரவுக்கு மேல் ஓட்டவேண்டுமாயின் மாற்று ஓட்டுநர் உண்டா, இல்லையேல் விடியும்வரை நிறுத்திக்கொள்ள இசைவு உண்டா? ஆண்டுக்கொரு முறை முதுகையும் கண்ணையும் சர்க்கரையையும் சோதிக்கும் செலவு யாருடையது? 2025–26 பருவத்தில் தமிழக அரசு சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. மூட்டைக்கு 1,000 ரூபாய். 10 டன் லோடு என்பது 250 மூட்டை. ஒரு நாள் காத்திருப்புக்கு ஒரு மூட்டையின் விலையைக் கொடுத்தாலும், 249 மூட்டையின் விலை சரக்குக்கு உரியவரிடமே இருக்கும்.